மாப்பிள்ளை கண்ட விஷச் சிலந்தி

மாமனார் வீட்டில் புது மாப்பிள்ளைக்கு ஒரே வேலை, சாப்பிடுவது. அதை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டுப் படுத்தவன் எவனும் அவமானப்பட்டதில்லை. நான் அறிவையும் காட்டப் போனேன்.

நாமக்கல் பக்கம் மாமனாருக்குக் கோழிப் பண்ணை. பூட்டிக் கிடந்த பழைய கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, உமி பரப்பியிருந்தார்கள். மதியம் குஞ்சு வண்டி வரும். அதற்குள் பல்பு கட்டிச் சூடேற்ற வேண்டும். (சூடு இல்லாவிட்டால் குஞ்சு பிழைக்காது.) வேடிக்கை பார்க்கப் போன நான், உத்தரத்தில் பெரிய சிலந்தி ஒன்றைப் பார்த்தேன்.

என் போனில் பூச்சிகளை அடையாளம் சொல்லும் செயலி இருந்தது. படம் எடுத்தேன். ‘சாதாரண வீட்டுச் சிலந்தி’ என்றது. சாதாரணம் என்றால் சேலத்து மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை? கோணத்தை மாற்றி மாற்றி எடுத்தேன். கடைசியில் ‘கடும் விஷம்’ என்றது. அப்பாடா!

“யாரும் உள்ள போகாதீங்க! கடிச்சா சதை அழுகிரும்!”

ஆட்கள் பல்பும் கையுமாக வெளியே ஓடிவந்தார்கள். மாமனார் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மாப்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்றார். புது மாப்பிள்ளை பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. வேலை நின்றது.

வண்டி வந்தது. பெட்டி பெட்டியாகக் கீச்சுக் கீச்சு.

“எங்கீங்க எறக்கறது?” என்றார் டிரைவர்.

“ஊட்டுக்குள்ளயே எறக்குங்க” என்றார் மாமனார். எனக்காகப் புதிதாக ஏசி மாட்டிய அறையில், ஏசியை அணைத்து, பல்புகளைத் தொங்கவிட்டு, கட்டில் மேல்கூடக் குஞ்சு விட்டார்கள். ஒன்று செத்தாலும் என் பேர்தான் கெடும்.

என் மனைவி கவிதாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஒட்டடைக் குச்சியோடு கொட்டகைக்குள் நுழைந்தாள். பின்னாலேயே நானும், பத்தடி தள்ளி.

“ஏனுங்க, இது அசையவே மாட்டேங்குதே?”

குச்சியால் தட்டினாள். சிலந்தி மிதந்து வந்து என் தோளில் உட்கார்ந்தது. நான் போட்ட சத்தத்தில் வண்டி டிரைவரே ஓடிவந்தார். அவள் அதை எடுத்து விரலால் நசுக்கினாள். தூளாகப் போனது. சிலந்தி எப்போதோ உரித்துப் போட்டுவிட்டுப் போன வெறும் தோல்!

குஞ்சுகள் பிழைத்தன. கட்டில் மெத்தை பிழைக்கவில்லை. மாமனார் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் கொடுமை.

போன வருடம் என் கொழுந்தியாளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கு நல்ல வேலை, ஜாதகமும் பொருத்தம். எல்லாம் பேசி முடிந்த பிறகு, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, மாமனார் அவனிடம் மெதுவாகக் கேட்டார்: “தம்பி, போன்ல பூச்சி பாக்குற பழக்கம் ஏதாச்சும் இருக்குதுங்களா?”