பன்னிரண்டு புள்ளிக்குக் குறைந்த தோல்

எங்கள் பக்கத்தில் யாரும் அழுக்காக வைத்தியரிடம் போவதில்லை. காய்ச்சலில் கிடப்பவரைக்கூட ஈரத்துணியால் துடைத்து, பவுடர் பூசி, அலுமாரியில் மடித்து வைத்த சேட்டைப் போட்டுவிட்டுத்தான் ஓட்டோவில் ஏற்றுவார்கள். (ஒரு காலில் முள் குத்தினால் இரண்டு காலையும் கழுவிக்கொண்டு போவோம்.) நோயைக் காட்டலாம், அழுக்கைக் காட்டக்கூடாது என்பது எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தை ஒருநாள் அளவுக்கு மேல் கடைப்பிடித்ததால், வாழ்க்கையில் முதன்முறையாக நான் ஒரு பரீட்சையில் பெயிலானேன். நான் ஒரு கணித ஆசிரியர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இருப்பது சொரியாசிஸ். தோலில் சிவந்த தடிப்புகள் வரும், அவற்றின்மேல் வெள்ளைச் செதில் படரும், செதில் உதிரும். இது கிருமியால் வருவதல்ல, தொட்டால் ஒட்டவும் மாட்டாது. வெளியாள் வந்தால் பிடிக்கச் சொல்லி உடம்பு வைத்திருக்கும் காவல்காரன், ஆள் மாறி வீட்டுக்காரனையே அடிக்கிறான் என்று ஒரு வைத்தியர் விளங்கப்படுத்தினார். எனக்கு விளங்கியது. ஊருக்கு விளங்கவில்லை. ஒரு கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் என் முழங்கையைக் கண்டார். என்னோடு விளையாட வந்த தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனார். அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். ஆனாலும் அன்றைக்கு நான் பந்தியில் இருக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த நாளிலிருந்து நீளக்கைச் சேட்டு. எங்கள் ஊர் செங்கலடி வெயிலில், சித்திரை மாதத்திலும், கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய நீளக்கைச் சேட்டு. "சேர் எவ்வளவு ஒழுங்கான மனிசன்" என்று பெற்றோர் மெச்சினார்கள். உள்ளே வேர்வையில் அவிந்துகொண்டே அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டேன்.

சேட்டால் மறைக்க முடியாத இடம் ஒன்று இருந்தது. சித்தாண்டி முருகன் கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை இல்லாமல்தான் போகவேண்டும். எட்டு வருடமாக ஆவணித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போவேன், வாசலோடு நின்றுவிடுவேன். ஏன் என்று கேட்டால் செருப்புக்குக் காவல் என்பேன். என் மனைவி தவமலரின் வீட்டார் பெரிய கூட்டம். அவர்களும் தங்கள் செருப்புகளை என் காலடியில் விட்டுப் போகத் தொடங்கினார்கள். ஒரு வருடம் எண்ணிப் பார்த்தேன், இருபத்தாறு சோடி.

மகள் அபிக்கு ஆறு வயதான வருடம் அவள் வாசலில் நின்று கேட்டாள்: "அப்பா, என்னைத் தோளில வச்சிச் சாமி காட்டுங்களன். சனத்துக்குள்ள எனக்கு ஒண்டும் தெரியுதில்ல."

"செருப்புக் களவு போயிரும் மகள்" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். அவள் நம்பியதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அடுத்த ஆவணிக்கு எப்படியாவது உள்ளே போவது என்று அன்றே முடிவெடுத்தேன்.

அதற்கு ஒரு வழியும் தானாக வந்தது. மட்டக்களப்பு நகரத்தில் நான் காட்டும் தோல் கிளினிக்கில் ஒரு புது மருந்தை ஆய்வு செய்யத் தொடங்கினார்கள். தோலுக்கடியில் போடும் ஊசி. ஆய்வில் சேர்பவர்களில் பாதிப்பேருக்கு மருந்துள்ள ஊசி, மற்றப் பாதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது, போடுகிறவருக்கும் தெரியாது. இதைக் கேட்டுச் சிலர் பயந்து போனார்கள். நான் வருடா வருடம் நாணயத்தைச் சுண்டி நிகழ்தகவு படிப்பிக்கிறவன். எனக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது. சம்மதப் பத்திரத்தை மூன்று தரம் வாசித்துக் கையெழுத்து வைத்தேன். கூடவே தந்த அறிவுறுத்தல் தாளை வரிவரியாக வாசித்து, சிவப்புப் பேனையால் பிழை திருத்தியும் கொடுத்தேன். (யாரும் கேட்கவில்லை.) அவர்கள் அதை என் கோப்பிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

சேர்வதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. நோய்க்குப் புள்ளி போடுவார்கள். சிவப்பு எவ்வளவு, தடிப்பு எவ்வளவு, செதில் எவ்வளவு, உடம்பில் எத்தனை பங்கு என்று பார்த்து ஒரு மொத்தம். அது பன்னிரண்டுக்குக் குறையக்கூடாது. முதல் நாள் பெரிய வைத்தியர் பார்த்து எனக்குப் பதினான்கு போட்டார். நோயில் நல்ல புள்ளி எடுத்ததற்காக நெஞ்சை நிமிர்த்திய மனிதன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பஸ் ஏறமுன்பே தவமலருக்குப் போன் அடித்துச் சொன்னேன். இனி நான்கு கிழமை எந்த மருந்தும் பூசாமல், விழுங்காமல் இருந்துவிட்டு, திரும்ப வந்து இன்னொருமுறை பன்னிரண்டைத் தாண்டிக் காட்டவேண்டும். தாண்டினால் அன்றைக்கே முதல் ஊசி.

அந்த நான்கு கிழமையை இப்போது நினைத்தாலும் உடம்பு கடிக்கிறது. மருந்து நின்றதும் நோய் அவிழ்த்துவிட்ட மாடாகிவிட்டது. காலையில் தவமலர் என் படுக்கை விரிப்பை வெளியே கொண்டுபோய் உதறுவாள். உதறும்போது முகத்தில் ஒன்றும் காட்டமாட்டாள். அதற்காக அவளுக்கு நான் பட்ட கடன் தீராது.

போகவேண்டிய நாளுக்கு முந்திய பின்னேரம் கிளினிக் தாதி போன் எடுத்தார்.

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்திருங்க சேர். பெரிய டொக்டர் இல்ல, ஆய்வுக்குப் புதுசா வந்த டொக்டர் சுகந்தினிதான் பார்ப்பா. உங்களிட்டக் கணக்குப் படிச்சவவாம். உங்களைக் காணப்போறது அவக்குப் பெரிய சந்தோசம்."

எனக்குச் சந்தோசம் வரவில்லை. சுகந்தினியை நன்றாக நினைவிருந்தது. பதினோராம் ஆண்டு, முதல் வரிசை வாங்கு, கொப்பியில் ஒரு மைக்கறை இருக்காது. அந்தப் பிள்ளைக்கு முன்னால் நான் சேட்டைக் கழற்றவேண்டும். கழற்றினால் செதில் கொட்டும். நான் எழும்பிப் போனபிறகு அவள் அந்தக் கட்டிலைத் தட்டிவிடுவாள். அவள் தட்டுவதை நான் அன்று இரவு ஐம்பது தரம் மனதுக்குள் பார்த்துவிட்டேன்.

விடியுமுன்பே கிணற்றடிக்குப் போனேன். அரைப் போத்தல் தேங்காயெண்ணெய். அது ஊறியதும் சுடுதண்ணீர், பீர்க்கங்காய் நார். இந்த நோய் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எண்ணெயில் ஊறிய செதில் தேய்த்தால் போய்விடும். நோய் போகாது, இரண்டு நாளில் செதில் திரும்பி வந்துவிடும். ஆனால் எனக்கு வேண்டியது அன்றைய காலை மட்டும்தானே. கைகளைத் தேய்த்தேன். கால்களைத் தேய்த்தேன். முதுகுக்குத் தவமலரைக் கூப்பிட்டேன்.

"இஞ்சருங்க, டொக்டருக்கு வருத்தத்தைக் காட்டப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றாள்.

"படிப்பிச்ச பிள்ளைக்கு முன்னால போறன். ஒரு மரியாதை வேணாமா? தேய்."

தேய்த்தாள். தோல் காயாமல் இருக்க மேலே இன்னொரு கை எண்ணெய் பூசி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, தவமலரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். எட்டு வருடத்தில் அவ்வளவு அழகாக நான் இருந்ததில்லை.

சுகந்தினி எழும்பி நின்று வரவேற்றாள். தவமலர் வெளியே வாங்கில் இருந்தாள். நான் சேட்டைக் கழற்றி, கட்டிலில் விரித்திருந்த கடதாசியின்மேல் ஏறிப் படுத்தேன். ஒரு செதில் விழவில்லை. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அவள் முழங்கையைப் பார்த்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். "மற்றப் பக்கம் கிறுகுங்க சேர்" என்றாள். திரும்பினேன். முதுகையும் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள்.

"சேர், முதல் வந்தநேரம் செதிலுக்கு நல்லாப் புள்ளி போட்டிருக்கு. இப்ப ஒண்டையும் காணல்லையே. எண்ணெய் ஏதும் பூசினீங்களா?"

"இல்ல பிள்ள" என்றேன்.

இருபது வருடமாக வகுப்பில் பொய் சொன்னவர்களை வாங்கில் ஏற்றி நிற்கவைத்தவன் நான். அந்தப் பொய்க்கு ஆயுள் அரை நிமிடம். இறங்கச் சொன்னாள், இறங்கினேன். நான் கிடந்த கடதாசி, என் உருவத்தின் அளவுக்கு அப்படியே ஊடாகத் தெரிந்தது. (ஒளிகசியும் பொருளுக்கு உதாரணம் எண்ணெய் தடவிய தாள் என்று ஆறாம் ஆண்டில் எல்லோரும் எழுதியிருப்போம்.) இரண்டுபேரும் அதைப் பார்த்தோம். அவள் மரியாதைக்காக முதலில் கண்ணை எடுத்தாள்.

பிறகு தவமலரை உள்ளே கூப்பிட்டுக் கேட்டாள். தவமலருக்குப் பொய் சொல்லத் தெரியாது, சுருக்கிச் சொல்லவும் தெரியாது.

"விடியச் சாமத்தில இருந்து கிணத்தடியிலதான் டொக்டர். நார் ஒண்டு தேய்ஞ்சே போயிற்று. முதுகை நான்தான் தேய்ச்சன்."

சுகந்தினி கோப்பைத் திறந்து என் அறிவுறுத்தல் தாளை எடுத்தாள். ஏழாவது வரியில், விட்டுப்போன ஒரு எழுத்தை நான் சிவப்பில் வட்டமிட்டுத் திருத்தியிருந்தேன். அந்த வரி சொன்னது இதுதான்: பரிசோதனைக்கு முந்திய நாளும் அன்றும் தோலில் எண்ணெய் பூசவோ, செதிலைத் தேய்த்து அகற்றவோ வேண்டாம். திருத்தியவன் எழுத்தைத்தான் வாசித்திருந்தான்.

கணக்குப் போட்டாள். ஒன்பதரைப் புள்ளி.

"நாளையிண்டைக்குத் திரும்ப வாறன் பிள்ள. அதுக்குள்ள செதில் வந்திரும்."

"ஆள் சேர்க்கிறது இண்டையோட முடியுது சேர்."

அப்போதுதான் தவமலர் அந்த வசனத்தைச் சொன்னாள். "செதில்தான் வேணுமெண்டா வீட்ட காலையில கூட்டினது கிடக்கு டொக்டர். ஒரு ஓட்டோவில போய் எடுத்துக்கொண்டு வரட்டா?"

தாதி சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார். நான் சிரிக்கும் நிலையில் இல்லை. கண் முன்னால் கோயில் வாசலும் செருப்புக் குவியலும் நின்றன. தவணைப் பரீட்சை முடிந்ததும் புள்ளி கேட்டு வாசலில் வந்து நிற்கும் தகப்பன்மாரில் எத்தனை பேரை நான் திருப்பி அனுப்பியிருப்பேன். அவர்கள் பேசியதையே நானும் பேசினேன்.

"ரெண்டரைப் புள்ளிதானே பிள்ள. வருத்தம் இருக்கு எண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போட்டு விடுங்களன்."

அவள் பேனையை மூடி மேசையில் வைத்தாள். பிறகு, "சேர், பதினோராம் ஆண்டில ஒரு தவணைப் பரீட்சையில நான் சரியான விடை எழுதியிருந்தன். தாள் துப்புரவா இருக்கட்டும் எண்டு படிமுறையை அழிச்சிட்டன். நீங்க விடைக்கு மட்டும் ஒரு புள்ளி தந்தீங்க. நான் அழுதன். அழிச்சதுக்குப் புள்ளி இல்ல எண்டு சொன்னீங்க" என்றாள்.

எனக்கு அது நினைவில்லை. சொல்லியிருப்பேன் என்பதில் சந்தேகமும் இல்லை.

"அதுக்குப் பழி வாங்கல்ல சேர்" என்றாள். "இருக்கிறதைத்தான் எழுதலாம், இருந்ததை எழுத ஏலாது. ஒவ்வொருத்தருக்கும் இப்பிடி ரெண்டரை கூட்டிப் போட்டா, மறுகா பார்க்கேக்க ஊசி ஒண்டும் செய்யாட்டியும் ரெண்டரை குறைஞ்சமாதிரிக் காட்டும். அந்தக் கணக்கை நம்பி எங்கயோ ஒரு ஆள் ஊசி போடுவார்."

அந்தக் கணக்கை மனதுக்குள் ஒருதரம் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. வழியும் சரி, விடையும் சரி. சேட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

பஸ் ஏறாவூரைத் தாண்டியது. நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். ஆண்பிள்ளை, ஆசிரியர், பொது இடம், ஒன்றும் அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. அவள் கையை என் சேட்டுக் கைமேல் வைத்தாள்.

"எட்டு வருசமா எல்லாருக்கும் ஒளிச்சீங்க" என்றாள். "காட்டுங்க எண்டு சொன்ன ஒரே ஆளுக்கும் ஒளிச்சுப்போட்டு வாறீங்க."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை, இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். ஆனால் அந்தச் சொல் பீர்க்கங்காய் நார் போகாத இடத்துக்கெல்லாம் போனது.

ஆய்வில் சேராவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். முடியவில்லை. அடுத்த கிழமை சுகந்தினியே கூப்பிட்டு, வழமையான வைத்தியத்தைத் திரும்பத் தொடங்கினாள். பூச்சு மருந்து, குளிசை, கிழமையில் இரண்டு நாள் ஒளிச் சிகிச்சை. சில இடங்கள் மங்கின. முழங்கையும் முதுகும் தங்கள் பிடியை விடவில்லை. இந்த நோய் அப்படித்தான், வாடகைக்கு வந்தவர் வீட்டு உறுதியைத் தன் பெயரில் எழுதிக்கொண்டதுபோல. அந்தப் புது ஊசி நல்லதா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளத்தானே அவர்கள் ஆய்வு செய்தார்கள்.

வீட்டில் மட்டும் என் கதை நிலைத்துவிட்டது. பல் வைத்தியரிடம் கூட்டிப்போக ஆயத்தம் செய்த ஒருநாள் அபி பல் விளக்க மறுத்துவிட்டாள். "விளக்கினா டொக்டர் புள்ளி தரமாட்டா. அப்பாவுக்கு நடந்தது தெரியாதா?" என்றாள். அவளைச் சமாதானப்படுத்த அரைமணி நேரம் சென்றது.

ஆவணி வந்தது. சித்தாண்டி வாசலில் வழமைபோல எல்லோரும் செருப்பை என் காலடியில் கழற்றினார்கள். தவமலரின் அக்கா, என் மச்சாள், அன்றுதான் வாங்கிய புதுச் செருப்போடு வந்திருந்தார். அபி என்னைப் பார்த்தாள். இந்த முறை அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதை அவள் விட்டுவிட்டாள் என்பது எனக்கு விளங்கியது. கைப் பொத்தானை அவிழ்த்தேன்.

உள்ளே நான் பயந்தது எல்லாம் நடந்தது. ஒருவர் என்னைக் கண்டு விலகி நின்றார். இரண்டு பெண்கள் காதோடு காது பறைந்தார்கள். அபி என் தோளில் இருந்து, ஒரு கையால் என் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு, "வேல் தெரியுது அப்பா, வேல் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் ஒரு பெரியவர் என் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிட்ட வந்து, தோளில் கிடந்த சால்வையை ஒரு விரற்கடை விலக்கிக் காட்டினார். அதே சிவப்பு, அதே வெள்ளை.

"தம்பி, எந்த டொக்டரிட்டக் காட்டுறீங்க?"

சொன்னேன். "போற அண்டைக்கு எண்ணெய் மட்டும் பூசாதீங்க அண்ணன்" என்றும் சொன்னேன்.

வெளியே வந்தபோது எங்கள் செருப்புகளில் நான்கு சோடியைக் காணவில்லை. மச்சாளின் புதுச் செருப்பும் அதில் ஒன்று, மற்ற மூன்றும் எங்கள் மூன்று பேருடையது. இத்தனை வருடத்தில் அதுதான் முதல் களவு. கொதிக்கும் தார் றோட்டில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி நடந்து பஸ் ஏறினோம். தவமலர் வழிநெடுகச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

இப்போதும் ஒவ்வோர் ஆவணியும், கோயிலுக்குப் புறப்படுமுன் மச்சாள் போன் அடிப்பார்.

"மச்சான், இந்த முறை உள்ள போறீங்களா, வெளிய நிக்கிறீங்களா? அதைக் கேட்டுத்தான் நான் செருப்பை எடுக்கவேணும்."

"உள்ளதான் மச்சாள்" என்பேன். "பழசைப் போட்டுக்கொண்டு வாங்க."