குழிக்கு ஆறு மாத சர்வீஸ்

மாவட்ட மட்கும்பொருள் உறுதிப்பாட்டு அலுவலகத்தின் பின்புறம், கொய்யா மரத்தடியில், ஒரு குழி அரசு மரியாதையுடன் தோண்டப்பட்டது. மாரண்டஹள்ளி யுவராணி செய்த பையை அதில் புதைத்தார்கள். ஆறு மாதத்தில் பை மட்கிப்போனால் அவளுக்கு அனுமதிச் சான்று. இல்லையென்றால் பட்டறைக்குப் பூட்டு. விதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பை மரவள்ளி மாவில் செய்தது. வெறும் மாவுப் பை ஒரு கிலோ தக்காளிக்கே வாயைப் பிளந்துவிடும். அதனால் கிராஃபீன் என்ற, பென்சில் கரிக்குச் சொந்தக்காரப் பொடி ஒன்றைத் துளியூண்டு சேர்த்தாள். பை பத்துக் கிலோவைத் தூக்கியது, மண்ணில் போட்டால் மட்கவும் செய்தது. இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு வருஷம் ஆனது. நம்பாமல் இருக்க ஆபீசுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

தவணை முடிந்து குழியைத் தோண்டினார்கள். பை இல்லை. யுவராணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கே பட்டறையில் சுகுணாவும் சின்னம்மாளும் வேலை தொடங்குமா என்று போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஆய்வு அலுவலர் சந்திரமோகன் குழியை எட்டிப் பார்த்தார்.

"மாதிரி எங்கம்மா?"

"மட்கிப் போச்சுங்க சார்."

"ஆதாரம்?"

"அது இல்லாததுதாங்க ஆதாரம்."

"இல்லாததை நான் எப்படிம்மா ஃபைல்ல இணைப்பேன்? கிராஃபீன் போட்டா பலம்னு நீங்கதானே சொன்னீங்க. பலமான பொருள் எப்படிக் காணாமப் போகும்? ஒண்ணு, நீங்க சொன்னது பொய். இல்லைன்னா திருட்டு. அரசாங்கக் குழியில திருட்டுன்னா போலீஸ் கேஸ்!"

யுவராணிக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"வேற பை வெக்கிறேன் சார். இன்னொரு ஆறு மாசமா?"

"எதுக்கு? குழிக்குத்தான் ஆறு மாத சர்வீஸ் முடிஞ்சிடுச்சே. அது பறிபோகாது. இப்பப் புதைங்க, மூணு மணிக்கு எடுத்துப் பார்க்கலாம். நாளையிலேர்ந்து நான் லீவு."

அவள் கொண்டுவந்த இன்னொரு பையை, அனுமதி பெறாத பை என்று வாசலிலேயே பிடுங்கி வைத்திருந்தார்கள். ஊருக்குப் போய்வர நேரமில்லை. ஆபீசுக்குள் போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாள், சீட்டில் யாருமில்லை. சந்திரமோகன் மேஜைக்கடியில் குப்பைக்கூடை. அதில் அவருடைய மத்தியானப் பிரியாணி வந்த பாலித்தீன் கவர், தடை செய்யப்பட்ட அதே மெல்லிசு ரகம். எடுத்தாள், புதைத்தாள், மண்ணை மிதித்தாள். மனசுக்குள் அவரையும் சேர்த்துத்தான் மிதித்தாள்.

மூன்று மணிக்குக் கவரை எடுத்து சந்திரமோகன் உதறினார், இழுத்தார், ஃபைல் கட்டைப் போட்டுத் தூக்கினார். கிழியவில்லை. முகர்ந்தார்.

"என்னம்மா, மசாலா வாசம்?"

"கிழங்குங்க சார். இயற்கைப் பொருள்."

"பிரமாதம்! ஆறு மாசம் மண்ணுல கிடந்தும் புத்தம் புதுசு. இதுதாம்மா விஞ்ஞானம்!"

கையெழுத்து, முத்திரை, சான்று. யுவராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசல்வரை வந்து படித்தாள். கடைசி வரியில் சிரிப்பு நின்றுபோனது. 'ஏற்கப்பட்ட மாதிரியை ஒத்த பைகளை மட்டுமே தயாரிக்க வேண்டும். மண்ணில் காணாமல் போகும் பைகள் பறிமுதல் செய்யப்படும்.'

திரும்பி ஓடினாள். "சார், அது என் பையே இல்லீங்க. உங்க பிரியாணி கவரு!"

சந்திரமோகன் பேனாவை மூடினார். "அரசு அதிகாரி தடை செஞ்ச கவர்ல பிரியாணி வாங்கினாருங்கறீங்களா? எழுதிக் குடுங்க. சான்றையும் ரத்து பண்ணிடுவோம்."

அந்த நேரம் பார்த்து சுகுணா போனில் வந்தாள். "அக்கா, கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிருச்சுடி," என்றாள் யுவராணி. அழுகையாக வந்தது.

பிடுங்கிய பையைக் கேட்டாள். மாதிரியை ஒத்திருக்கவில்லையாம், தரமாட்டார்களாம்.

பஸ் ஸ்டாண்டில் மழை கொட்டியது. நின்றவர்கள் தலையில் எல்லாம் பாலித்தீன் கவர். சான்றை ஜாக்கெட்டில் செருகிப் பார்த்தாள், முந்தானையில் சுற்றிப் பார்த்தாள். முத்திரை கரைய ஆரம்பித்தது. சுகுணா முகமும் சின்னம்மாள் முகமும் கண்ணுக்குள் வந்தன.

பெட்டிக்கடைக்கு ஓடினாள். "அண்ணா, ஒரு கவர் குடுங்க. சீக்கிரம்! கிழியாதுங்களே?"

கடைக்காரர் ஒன்றை உருவிக் கொடுத்தார்.

"உங்க பேரன் காலத்துக்கும் அப்படியே இருக்கும்க்கா."