எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போகிறவன்

பாடத்தைப் படித்துப் பாஸானவர்களைப் பார்த்திருப்பீர்கள், ஃபெயிலானவர்களையும் பார்த்திருப்பீர்கள். படித்த பாடத்தை வைத்தே குடித்தனம் நடத்திய ஒரே ஆசாமி எங்கள் ‘கிளீனப்’தான். கரையான்சாவடி கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் வெப்சைட் கட்டும் ஃப்ரேம்வொர்க்கைச் சேர்ந்து படித்தோம். அவனுக்கு ஏக அவசரம். ஆவடி தொழிற்சாலையில் அப்பா ரிட்டயராகப் போகிறார். அதற்குள் இவனுக்கு வேலை கிடைக்காவிட்டால் குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு மொத்தக் குடும்பமும் சொந்த ஊரான தென்காசிக்குப் போய்விடும்.

முதல் பாடம் ரவுட்டிங். எந்த முகவரியைக் கேட்டால் எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்ற சமாசாரம். கேட்ட பக்கம் இல்லையென்றால் பேசாமல் ஹோம் பக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்றார் மாஸ்டர். மறுநாள் டீக்கடையில் இவன் பஜ்ஜி கேட்டான். இல்லை என்றார்கள். விடுவிடுவென்று நடந்து, ஆவடி பஸ் ஏறி, வீட்டுக்கே போய்விட்டான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாதி வகுப்பு பாக்கி இருந்தது ஐயா!

அடுத்து காம்போனென்ட்டின் ஆயுள். பக்கத்தின் ஒவ்வொரு துண்டும் திரைக்கு வரும், இருக்கும், போகும். போகும்போது, தான் ஓடவிட்டதையெல்லாம் நிறுத்திவிட்டுப் போக வேண்டும். அதற்குப் பெயர்தான் கிளீனப். அன்றிலிருந்து எந்த அறையை விட்டு வெளியேறினாலும் விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் பட்பட்டென்று அணைத்தான். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதாவது! எங்கள் வீட்டுக்கு வந்தவன், அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிவியை நிறுத்திவிட்டுக் கிளம்பினான். அம்மா எழுந்துபோய் மறுபடி போட்டார்.

அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. அவன் உள்ளே, அடுத்த ஆளாக நான் வாசலில். நன்றாகத்தான் பதில் சொன்னான். நன்றி சொல்லி எழுந்தான். கதவருகே கை நீண்டது. விளக்கு, ஏசி, புரொஜெக்டர், எல்லாம் போச்சு. அதிகாரிகள் கும்மிருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். தென்காசிதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

இருட்டிலிருந்து மேனேஜர் அம்மா சொன்னார். “தம்பி, நாங்க உள்ளதான் இருக்கோம்.”

“சாரி மேடம். வெளிய போசொல்ல எல்லாத்தையும் நிறுத்தணும்ல? இல்லனா பின்னாடி ஓடிகினே இருக்கும்.”

உள்ளே ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வேலை அவனுக்குக் கிடைத்தது. சிரித்துக் களைத்தவர்களிடம் போய் நான் என்னத்தைச் சொல்ல?

குடும்பம் ஆவடியிலேயே வாடகை வீடு பார்த்தது. குவார்ட்டர்ஸைக் காலிசெய்த அன்று ஒத்தாசைக்குப் போனேன். சாமானெல்லாம் வண்டியில் ஏறியாயிற்று. இவன் மட்டும் மாடியில் காலி ஹாலில், ஃபேன் சுவிட்சில் கைவைத்தபடி நின்றான். பிறந்து வளர்ந்த வீடு.

“என்னால முடில மச்சான். நீ அணைச்சிட்டு வா.”

இன்டர்வியூவில்கூட நான் அப்படி ஆடிப்போகவில்லை. அவன் கீழே இறங்கும்வரை நின்றேன். எனக்கும் மனசு வரவில்லை. அணைத்தாயா என்று வண்டியில் கேட்டான். ஆச்சு என்று தோளில் கை போட்டுக்கொண்டேன். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.