நாற்பத்தெட்டு வோல்ட்டுப் படலம்

வாழ்க, கையேடு காணாக் காவலன்! வாழ்க, பெட்டியைப் பிரித்த கையோடு விளக்கத்தாளைக் குப்பைக்கூடைக்கு அனுப்பும் திண்தோள் வேந்தன்! காப்பீட்டு அலுவலகத்தில் திரண்டு வந்த விண்ணப்பங்களை ஒற்றைப் பேனாவால் புறமுதுகிடச் செய்த புகழோன். சத்தமிட்ட மிக்ஸியைப் பிரித்துப்போட்டு அதை நிரந்தர மௌனத்தில் ஆழ்த்திய அருஞ்செயலோன். மனைவியின் பிறந்தவீட்டார் தமக்குள் சூட்டிய ‘எல்லாம் தெரிஞ்சவர்’ என்னும் பட்டத்தைப் பாராட்டென்றே கொண்டு மீசை தடவிய பெருந்தகை! அன்னவன் ஒரு விடுமுறைப் பிற்பகலில் ஓர் ஒலிவாங்கியின் பசி தீர்க்கப் புறப்பட்டு, வீட்டிலிருந்த பேட்டரிகள் அனைத்தையும் களப்பலி கொடுத்த வரலாற்றைச் சொல்லப் புகுந்தோம். மின்னணங்கே, காத்தருள்க.

போரின் காரணம் அவன் மனைவியின் குரல். அடுத்த வீட்டுக்காரர் டிவியை அணைத்துவிட்டுக் கேட்கத்தக்க அக்குரலை, புத்தகங்களை வாசித்து ஒலிநூலாக்கும் நிறுவனம் ஒன்று செவிமடுக்க இசைந்திருந்தது. ஐந்து மணிக்குள் ஒரே ஒரு பக்கத்தை வாசித்து அனுப்ப வேண்டும், பிடித்திருந்தால் வேலை. குழம்பு கொதிக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் அந்தப் பக்கத்தையே முணுமுணுத்து மனப்பாடமாக்கியிருந்தாள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு தனக்கென்று அவள் ஆசைப்பட்டது இது ஒன்றுதான்.

உள்ளங்கையில் அடங்கும் பதிவுக்கருவி வீட்டில் இருந்தது. ஒலிவாங்கியோ, அவளுடைய அக்காள் கணவர், வானொலி நிலையத்துப் பொறியாளர், இரவல் தந்தது. ஐயகோ, அவர் நம் காவலனின் சகலை! ஒரே மாமனார் வீட்டில் பெண்ணெடுத்த இருவேந்தர் ஒரே விருந்துப் பந்தியில் அமர்ந்தால் எழும் புகைச்சல் எத்தகையது என்பதை அனுபவித்தோர் அறிவர். அவர் கொடுத்த மைக்கைத் தொடுவதற்கே காவலனுக்குக் கை கூசியது.

படுக்கையறையில் கதவடைத்து, விசிறி நிறுத்தி, மைக்கின் வயரைக் கருவியில் செருகி, அவள் முதல் வரியை வாசித்தாள். திரையில் ஒலியளவு காட்டும் கோடு, சம்பளநாளுக்கு முந்தைய நாள் பணப்பையைப் போல், கிடந்த இடத்திலேயே கிடந்தது. காதில் மாட்டிய கருவியில் அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து கேட்டது. கண்டான் காவலன், நகைத்தான். சில மைக்குகள் பதிவுக்கருவியிடமிருந்தே மின்சாரம் வாங்கி உயிர்வாழும் என்றும், அதற்கு நாற்பத்தெட்டு வோல்ட் என்று எழுதிய பொத்தானை அழுத்த வேண்டும் என்றும் ஏதோ ஒரு வீடியோவின் முதல் பாதியில் அவன் கற்றிருந்தான். மறுபாதிக்கு அவன் காத்திருந்ததில்லை.

“பசி! மைக்குக்குப் பசி!” என்று முழங்கி, பொத்தானை அழுத்தினான். திரை ஒரு கணம் ஒளிர்ந்தது. கருவி மூர்ச்சித்து அணைந்தது.

“ஏங்க, அத்தானுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே?” என்றாள் மனைவி.

அச்சொல் அவன் செவியில் காய்ச்சிய ஈயமாய்ப் பாய்ந்தது. புருவம் நெரிந்தது, மீசை துடித்தது, அணிந்திருந்த லுங்கியும் சற்றே நெகிழ்ந்தது. அதை இறுகக் கட்டிக்கொண்டு அவன் உரைத்த வஞ்சினமாவது: “அந்த ஆளுகிட்ட கேக்கறதா? நான் இருக்கற வரைக்கும் இந்த வீட்ல அது நடக்காது! பேட்டரிதான் சொத்தை. புதுசா நாலு போட்டா பாரு, எப்படிக் கத்துதுன்னு!”

தொடங்கியது திக்குவிசயம். முதலில் வீழ்ந்தது கூடத்துச் சுவர்க்கடிகாரம். வீட்டில் காலமே நின்றது. அடுத்து டார்ச் விளக்கு. அதன்பின் டிவியின் ரிமோட் சிறைபிடிக்கப்பட்டது. ஆனால் அதன் பேட்டரிகள் மெலிந்த யாக்கையினவாய்க் கருவியின் குழிக்குள் லொடலொடவென ஆடியதால், போருக்குத் தகாதவை என்று விடுவிக்கப்பட்டன. இறுதியாக, பெற்ற தாயின் ரத்தஅழுத்தக் கருவிமீது அவன் படையெடுத்தான். நாற்காலியில் சாய்ந்திருந்த அன்னை கண்ணைத் திறந்தாள். “எடுத்துட்டுப் போடா. எவ்வளவு ஏறியிருக்குன்னு இப்ப பாக்காமலே தெரியுது” என்று அருளினாள்.

கொண்டுவந்த வீரர்களைக் குழியில் இறக்கினான், பொத்தானை அழுத்தினான், அணைந்தது. தாயாரிடம் கவர்ந்த படையையும் டார்ச்சுப் படையையும் கலந்து அணிவகுத்தான், அழுத்தினான், அணைந்தது. பேட்டரிகளைப் பல்லால் கடித்தான், சட்டையில் தேய்த்தான், தலைமாற்றிப் போட்டுப் பிறகு சரியாகப் போட்டான். செல்போனின் சார்ஜர் வயரை ஈட்டியென ஏந்திப் பாய்ந்தான். அதன் முனை கருவியின் துளையில் நுழைய மறுத்தது. மனைவி கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் விரல் வைத்தபடி, அவனையும் செல்போனில் மணியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கேகால் ஆகியிருந்தது. பொத்தானை ஒருமுறை தானே தொட்டுப் பார்க்கலாமா என்று அவள் கை நீண்டபோது, “உனக்குத் தெரியாது, விடு” என்று தட்டிவிட்டான்.

பின்னர்ச் செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு, தெருவிறங்கினான் காவலன். முதற்கடை பூட்டியிருந்தது. இரண்டாங்கடையில் குண்டு பேட்டரி மட்டுமே இருந்தது. மூன்றாங்கடையில் முன்னின்ற மூவரைத் தோளால் விலக்கி, அவர்தம் வசைமொழிகளை வாகைமாலையெனத் தாங்கி, பேட்டரி அட்டைகளை அள்ளிக்கொண்டு, மாடிப்படிகளை இரண்டிரண்டாய்த் தாவி, மூச்சிரைக்க, வியர்வை ஆறாய்ப் பெருக, பகைவர் கோட்டையை உடைக்கும் களிறென மூடியிருந்த படுக்கையறைக் கதவை மோதித் திறந்து, “வெற்றி! வாங்கிட்டேன்! இனி அந்த மைக்கு வாயைத் திறக்காம எங்க போகும்!” என்று அண்டம் அதிர அறைகூவினான்.

கட்டிலின்மேல் ஒரு போர்வைக் குவியல் இருந்தது. எதிரொலி வராமலிருக்கத் தலையோடு போர்த்திக்கொண்டு அதற்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். கருவியில் பதிவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் பக்கத்தின் கடைசி வரியில் இருந்தாள்.

போர்வை மெல்ல விலகியது. அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூட அவனுக்குத் தாங்கியிருக்கும்.

“அத்தானைக் கேட்டேன். இந்த மைக்குக்குக் கரண்டே வேண்டாமாம். இந்த வகையில சத்தம் கம்மியாத்தான் வருமாம், ரெக்கார்டிங் லெவலை ஏத்திக்கிட்டாப் போதும்னார். அந்த நாப்பத்தெட்டை அமுக்கினதாலதான் இருந்த பேட்டரியெல்லாம் படுத்துச்சாம். அதை அமுக்காம விட்டா இருக்கற பேட்டரியே போதுமாம்.” பதிவை நிறுத்தினாள். “முதல்லேர்ந்து படிக்கணும். வெளிய போங்க.”

கணவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, கூடத்தில் போய் உட்கார்ந்தார்.