கிளுவை வேலியும் பன்னிரண்டாவது படமும்

சைத்ரா தூரிகையைக் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது, அவள் வரைந்துகொண்டிருந்த கோவைக்கொடியைக் காணோம். கொடி இருந்த இடத்தில் கையில் அரிவாளோடு செங்கோடன் நின்றார்.

"மறைச்சுக்கிட்டு இருந்துச்சுங்க அம்மணி, அறுத்துப்போட்டேன். இப்பப் பாருங்க, வேலி பளிச்சுன்னு தெரியுது."

"ஐயோ, ஐயா! அந்தக் கொடியத்தான் வரைஞ்சுட்டிருந்தேன்!"

"அப்படீங்களா?" அவர் முகம் வாடிப்போயிற்று. "தெரியாமச் செஞ்சுபோட்டனுங்க."

அந்த முகத்தைப் பார்த்துக் கோபப்பட யாருக்கு மனசு வரும்? அதுவும் முந்தாநாள் அவிநாசி டீக்கடையில் அவள் படங்களைப் பார்த்துவிட்டு, "எங்க காட்டுல நூறு வருசத்துக் கிளுவை வேலி இருக்குதுங்க, நீங்க வந்து வரையோணும்" என்று வருந்தி அழைத்த மனிதர்.

வங்கி வேலையை உதறிவிட்டு, ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய் மரமும் பறவையும் வரைந்தே பிழைப்பது என்று சைத்ரா கிளம்பி இரண்டு வருடம் ஆகிறது. பிழைப்பு இழுபறிதான். இப்போதுதான் ஒரு விடுதிக்காரர் காலண்டருக்குப் பன்னிரண்டு படம் கேட்டிருந்தார். பதினொன்று முடிந்துவிட்டது. கடைசிப் படம், கிளுவை முள்மரங்களே வேலியாக வளர்ந்து நின்ற இந்த உயிர்வேலி. இன்று மாலைக்குள் போக வேண்டும், அதுவும் நேரில் உட்கார்ந்து வரைகிற வீடியோவோடு. போனால் வருடாவருடம் வேலை. போகாவிட்டால் திங்கட்கிழமை முதல் பாலகோபால் மாமாவின் மில் ஆபீஸ். அம்மா ராமாமணி அந்த நாற்காலிக்குக் குஷன்கூட வாங்கி வைத்துவிட்டாள்.

"பரவாயில்லீங்க ஐயா. நான் அந்தப் பக்கம் போயிடறேன். அங்க கொண்டைக்குருவி கூடு கட்டுது. எட்ட இருந்தே வரைஞ்சுக்கறேன்."

அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் பண்ணையாள் முத்தாத்தாள் எவர்சில்வர் தட்டோடு எதிரே வந்தாள். தட்டில் வாழை இலை, அதன்மேல் பாதி கட்டிய கூடு.

"எட்ட இருந்து பாத்தா கண்ணு வலிக்குமேன்னு ஐயா எடுத்தாரச் சொன்னாருங்க. மடியில வெச்சே வரையலாமுங்க."

மின்கம்பியில் உட்கார்ந்து இரண்டு குருவிகள் கத்தின. சைத்ராவைத்தான் திட்டின. இலை போட்டுக் கொண்டுவந்தவளிடம் என்னவென்று சண்டை போடுவது?

"ஐயா, கையெடுத்துக் கும்பிடறேன். இனி எதையும் தொடாதீங்க. அந்த மேக்கு மூலை போதும். கொஞ்சம் இருட்டாத்தான் இருக்கு, சமாளிச்சுக்குவேன்."

"இருட்டா இருக்குதுங்களா?" என்றார் செங்கோடன்.

சொல்லியிருக்கவே கூடாது. போனில் வீடியோவை ஓடவிட்டு எதிரே வைத்துவிட்டு அவள் பச்சையைக் குழைத்து முடிப்பதற்குள், எங்கிருந்துதான் வந்ததோ, ஒரு ஜேசிபி வந்துவிட்டது.

"நிறுத்துங்க! வேண்டாமுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். இரைச்சலில் யாருக்குக் கேட்கிறது? செங்கோடன் காதில் கையை வைத்துக்கொண்டு, "ஆச்சுங்க, ஆச்சுங்க!" என்று சிரித்தார்.

அரை மணி நேரத்தில் நூறு வருட வேலி ஒரு குப்பைமேடு. வெளிச்சம் தாராளமாக வந்தது. வரையத்தான் ஒன்றும் இல்லை.

"இப்பப் போதுங்களா அம்மணி?"

அவள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். நேரம் பார்த்து அம்மா போன் செய்தாள்.

"என்ன கண்ணு, முடிஞ்சுதா?"

"எல்லாம் முடிஞ்சு போச்சும்மா. திங்கக்கிழமை வந்துடறேன்." இரண்டு வருடம் வெயிலில் அலைந்தது இதற்குத்தானா என்று தேம்பித் தேம்பி அழுதாள்.

செங்கோடன் இளநீர் வெட்டிக் கொண்டுவந்தார். "நாம ஏதாச்சும் கொறை வெச்சுட்டமுங்களா?"

"இல்லீங்க ஐயா. உங்க நல்ல மனசுக்கு நீங்க செஞ்சீங்க. என் தலையெழுத்து."

அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். ஜேசிபி ஓட்டிவந்த மதன்குமார் இறங்கி வந்து, ஒரு காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார்.

"'படத்துக்காக வேலிய எடுக்கச் சொன்னது நாந்தான்'னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க அம்மணி, பங்காளி கேஸ் போட்டுப் பதினோரு வருசமா இந்த எல்லை வேலியத் தொட உடலீங்க, படம் வரையற ஆளு ஒண்ணு சிக்காதான்னு ஐயா மூணு மாசமா டீக்கடை டீக்கடையாத் தேடிட்டு இருந்தாருங்க."