பாதி வாடகையை நம்பாமல் நேரில் வந்த விவரம்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை விசாரிக்கவில்லை. போன வாரம் நேரிலேயே வந்து தெரிந்துகொண்டேன். நீங்கள்தான் என்னைப் பார்க்கவில்லை. அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படிக்கவும்.

எங்கள் ஊரையும் உங்கள் ஊரையும் ஒப்பிட்டு, இங்கே வாடகை பாதி, காய்கறி மலிவு, பஸ் கட்டணம் குறைவு, ஆகவே மாமாவும் அத்தையும் இங்கேயே வந்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதைப் படித்த கையோடு உங்கள் அத்தை பரணிலிருந்து பெட்டிகளை இறக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் உறுத்தியது. உலகத்தில் எந்த மருமகன் மாமனாரை வலியக் கூப்பிட்டுத் தன் தெருவிலேயே குடிவைத்துக்கொள்வார்? நான் என் மாமனாரைக் கூப்பிட்டதில்லை. உங்களுக்கு வேலை போய்விட்டதோ, கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் வேண்டுமோ என்று படுத்தால் ஒன்று, எழுந்தால் ஒன்று தோன்றியது. உங்கள் அத்தையிடம் சொன்னேன். "ஏங்க, பாசமா கூப்பிட்டா அதுக்கும் ரசீது கேப்பீங்களா?" என்றாள்.

வேலை பார்த்த காலமெல்லாம் கிடங்கில் வந்திறங்கும் சரக்கைச் சரிபார்த்தவன் நான். மூட்டையின் மேல் எழுதியிருக்கும் எடையை நம்பினால் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஆகவே பழைய சிநேகிதரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பையில் ஒரு கொக்கித் தராசைப் போட்டுக்கொண்டு உங்கள் ஊருக்கு பஸ் ஏறினேன்.

முதலில் காய்கறிக் கடைத் தெரு. தக்காளி விலை நீங்கள் எழுதியபடிதான் இருந்தது, அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்து, வாங்கிய பையை அங்கேயே என் தராசில் மாட்டிப் பார்த்தேன். கடைக்காரர் முகம் மாறியது. எடை சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் அவர் ஒரு கை தக்காளியை அள்ளிப் பையில் போட்டுவிட்டு, "சார் ஆபீஸ்லேர்ந்து வர்றீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் இல்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை. நான் அடுத்த கடைக்குப் போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. அங்கே கத்தரிக்காய் பாதி விலை, அதற்கடுத்த கடையில் வெங்காயத்துக்குக் காசே வாங்கவில்லை, உட்கார ஸ்டூல் போட்டு டீ வாங்கித் தந்தார்கள். தெரு முடிவதற்குள் பையைத் தூக்க முடியவில்லை. ஆகவே உங்கள் ஊரில் காய்கறி உண்மையில் என்ன விலை என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்தது வீடு. நீங்கள் எழுதியிருந்த அதே வீடு, உங்கள் தெருக் கோடியில். வாடகைக்குப் பார்க்க வந்தவன்போல் வீட்டுக்கார அம்மாவைக் கேட்டேன். அவர் சொன்ன தொகை நீங்கள் எழுதியதற்குச் சரியாக இரண்டு மடங்கு. பிடித்துவிட்டோம் என்று எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. சுவரைத் தட்டிப் பார்த்தேன், ஜன்னலை மூடித் திறந்தேன், குளியலறையில் குழாயைத் திறந்து வாளி எவ்வளவு நேரத்தில் நிறைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் உங்கள் குரல். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

மீதிப் பாதி வாடகையை நீங்கள் தருவதை மாமனாரிடம் சொன்னால்தான் என்ன என்று அந்த அம்மா கேட்டார். நீங்கள் சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது. "சொன்னா மாமா வர மாட்டாரும்மா. வரலைன்னா என் வீட்டுல நிம்மதி இல்ல. போன்ல அவரு நல்லா இருக்கேன்னு சொன்னா இவ நம்புறதே இல்ல. இருமினா ஏன் இருமினாருங்குறா, இருமலைன்னா ஏன் அடக்கிக்கிறாருங்குறா. அப்பா கண்ணு முன்னாடி இருந்தாத்தான் இவ தூங்குவா."

எங்கள் மகளுக்கு இப்படி ஒரு குணம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. உங்கள் அத்தை வழியில் விசாரிக்க வேண்டும்.

அப்புறம் அந்த அம்மா என்னைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும், நீங்கள் வந்து கதவைத் தட்டி, சார், இது எங்க மாமாவுக்குப் பேசின வீடு, வேற பாருங்க என்றீர்கள். வாயால் யார் வேண்டுமானாலும் பாசம் காட்டலாம், சரிபார்த்துவிடுவோம் என்று குரலைக் கனமாக்கிக்கொண்டு, நான் கூடுதலாகத் தருகிறேன் என்றேன். நீங்கள் அதற்கு மேலே என்றீர்கள். நான் அதற்கும் மேலே என்றேன். உள்ளேயிருந்து நானும் வெளியிலிருந்து நீங்களும் ஏற்றிக்கொண்டே போனோம், அந்த அம்மா நம் இருவரையும் தடுக்கவே இல்லை. கடைசியில் நீங்கள், "சார், எங்க மாமாவுக்கு முழங்கால் வலி. படி ஏறாம போற வீடு இந்தத் தெருவுல இது ஒண்ணுதான். நீங்க எவ்வளவு சொன்னாலும் அதுக்கு மேல நான் தருவேன்" என்றீர்கள். அதற்கப்புறம் நான் ஏற்றவில்லை. நான் விட்டுக்கொடுத்துவிட்டதாக நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். வாளி நிறைந்து வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. முழங்கால் வலியை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று எழுதவும்.

ஆக, நம் இருவர் புண்ணியத்தில் அந்த வீட்டு வாடகை இப்போது எங்கள் வீட்டு வாடகையைவிட அதிகம். காய்கறி விலை தெரியாது. பஸ் கட்டணம் ஒன்றுதான் நீங்கள் எழுதியபடி இருக்கிறது, பஸ்ஸில் குடியிருக்க முடியாது. மருமகன் காசில் குடியிருக்க எனக்கு மனம் வராது. ஆகவே நாங்கள் வருவதாக இல்லை. இது தீர்மானமான முடிவு.

மகளிடம் அப்பா நன்றாக இருக்கிறார் என்று சொல்லவும். நம்பமாட்டாள், இருந்தாலும் சொல்லவும். இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும்.

அன்புள்ள,
மாமனார்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் உங்கள் அத்தை வாங்கிப் படித்துவிட்டாள். "லாரி சாயங்காலம் வருது, கட்டிலைக் கழட்டுங்க" என்று மட்டும் சொன்னாள். வாடகை முழுவதையும், நான் ஏற்றிவிட்டதையும் சேர்த்து, நானே தருவேன். நீங்கள் ஒரு காசு கொடுக்கக் கூடாது. தபால்தலை ஒட்டியாகிவிட்டது, வீணாக்க மனமில்லை. கடிதத்துக்கு முன்னால் நாங்கள் வந்துவிடுவோம். இது வந்ததும் பிரிக்காமல் என்னிடம் கொடுத்துவிடவும்.