கஸ்டம்ஸ் சாரும் தாம்பூலத்தில் வந்த எலுமிச்சைக் கன்றும்

உலகத்தின் எந்த விமான நிலையத்திலும் இல்லாத கெடுபிடி, பொழிச்சலூரில் எங்கள் தெருமுனையில் உண்டு. கெடுபிடி செய்பவர் கஸ்டம்ஸ் சார். உண்மையில் அவருக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. கழுத்தில் ஒரு லென்ஸ் தொங்கும். நர்சரியிலிருந்து யார் செடி கொண்டுவந்தாலும் நிறுத்தி, கொழுந்தைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் விடுவார். நான் சிறுசேரியில் மென்பொருள் சோதிப்பவள். பிழை தேடுவதில் அவரிடம் நான் கத்துக்குட்டி.

"இன்னா சார், செடிக்குக்கூட பாஸ்போர்ட் கேக்கறே?" என்றார் ஒரு ஆட்டோக்காரர்.

"செடிக்கு இல்லப்பா. அதுல ஓசியில வர்ற பூச்சிக்கு!"

எள்ளைவிடச் சிறிய பூச்சி அது. வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து கொழுந்தில் சாறு உறிஞ்சும். அது பரப்பிய நோயில்தான் அவர் வீட்டு எலுமிச்சை இலை மஞ்சள் பாய்ந்து, காய் கோணலாகி, கடைசியில் மரமே பட்டுப்போனது. மருந்து கிடையாது. தெருவில் மிச்சமிருந்த மரங்களுக்கு அன்றிலிருந்து அவர் காவல். கறிவேப்பிலையிலும் அந்தப் பூச்சி தங்கும் என்று படித்த பிறகு எங்கள் வீட்டு ரசத்தைக்கூடச் சந்தேகமாகப் பார்த்தார்.

போன தை மாதம் அவர் மகள் அனுவுக்குத் தாம்பரத்தில் கல்யாணம். தாம்பூலப் பையோடு ஆளுக்கோர் எலுமிச்சைக் கன்று, மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு. சாப்பாடு முடிந்ததும் பெண்ணின் அப்பா பட்டு வேட்டியோடு மண்டப வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வரிசை சமையற்கட்டு வரை நீண்டது.

சம்பந்தி சிவந்த முகத்தோடு வந்தார். "பொண்ணை எங்களை நம்பி அனுப்புறீங்க. எங்க செடியை நம்ப மாட்டீங்களா?"

"உங்களைப் பத்தி ஆறு மாசம் விசாரிச்சேன் சார். செடியை இப்பதானே பாக்கறேன்!"

அனுவின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். கல்யாணத்தன்றே உறவு முறிந்துவிடுமோ என்று எங்களுக்குப் பயம். கஸ்டம்ஸ் சார் ஒரு கன்றைத் தூக்கி, லென்ஸைச் சம்பந்தியின் கையில் கொடுத்தார்.

"ஐயையோ, நகருது! எங்க வீட்ல நார்த்தை மரம் இருக்கே சார்!"

அடுத்த நிமிடம் அவருக்கும் ஒரு நாற்காலி வந்தது. பூச்சி பிடித்த கன்றுகளை இருவருமாகப் பாலிதீன் பைகளில் இறுகக் கட்டி ஒதுக்கினார்கள்.

மாலையில் மணமக்களின் கார் கிளம்பத் தயாரானது.

"அப்பா, நான் கிளம்பட்டுமா?" என்றாள் அனு.

"இரும்மா. இந்த ஒரு செடி மட்டும்," என்றார் அவர், நிமிராமலே.

அந்தக் கன்றில் இருந்ததே மூன்று இலைகள். அவற்றையே அவர் வெகு நேரம் புரட்டிக்கொண்டிருந்தார். எஞ்சினை அணைக்கச் சொல்லி டிரைவருக்குச் சைகை காட்டினார் சம்பந்தி.